அக்காவின் முகம் கலங்கியே இருக்கட்டும்

அன்பு மக்களே,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் கிடைத்தது. ராத்திரி டியூட்டி முடிந்து வந்து, தூங்காமல் உட்கார்ந்து நம்ம பழைய குடும்பப் படத்தைச் சரிசெய்தாய் என்று அம்மா சொன்னாள். அந்த நினைப்பில்தான் போனில் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. பேச்சில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆச்சி மடியில் கண்ணும் மூக்கும் பளிச்சென்று ஒரு பிள்ளை இருக்கிறதே, அது என் அக்கா இல்லை.

படம் எடுத்தது 1955-ல். நம்ம கன்னியாகுமரிப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர இன்னும் ஒரு வருஷம் இருந்தது. பாட்டாவும் ஆச்சியும் தக்கலையில் பஸ் ஏறி, நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது. அக்காவுக்கு அப்போது ஒன்றரை வயது. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். நான் பிறந்தது அதற்கும் பிறகு. அந்தக் காலத்தில் வெளிச்சம் போதாவிட்டால் லென்ஸை அரை செகண்ட் வரை திறந்து வைப்பார்கள். பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பிள்ளை நிற்குமா? யாரோ கிலுக்கை ஆட்டியிருக்கிறார்கள், அவள் தலையைத் திருப்பிவிட்டாள். முகம் கலங்கி விழுந்துவிட்டது. இடது கண் ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும். நான் அறுபது வருஷம் பார்த்த முகம் அதுதான். ஆச்சி சாயங்காலம் விளக்கு வைத்ததும் முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைப்பாள். அந்த இடத்தில் மட்டும் இரண்டு தடவை துடைப்பாள்.

அந்த முகம் எப்படிப் போனது என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்த அன்று ஓடு பறந்து சுவர் முழுக்கத் தண்ணீர் வடிந்தது. கரண்ட் வர நாள் கணக்காயிற்று. படம் நனைந்து, மேலே பூசிய ஜெலட்டின் ஊதி, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய படத்தைப் பிரிக்கக் கூடாது, கண்ணாடியோடு வைத்தே காப்பி எடுக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் பதினொரு வருஷம் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் இழுத்தேன். பூஞ்சை பிடித்துவிடும் என்ற பதற்றம். நம்ம ஜில்லாவில் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், ஈரம் காய நேரமே கிடையாது. அக்கா முகம் இருந்த இடம் பெரிய நெல்லிக்காய் அளவுக்குக் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அந்தக் கண்ணாடியும் விழுந்து நொறுங்கி, சேற்றோடு சேர்த்து அள்ளிக் கொட்டியாயிற்று.

இப்போது நீ போட்ட செயலி என்ன செய்தது என்று பார்ப்போம். அதற்கு அக்காவைத் தெரியாது. லட்சக்கணக்கில் முகங்களைப் பார்த்துப் பழகியிருக்கும், வெற்றிடத்தில் அதில் இருந்து பொருந்துகிற ஒன்றை வரைந்து வைக்கும். முகம் திருத்தும் நிரல்களில் பேர்பெற்றது 2021-ல் வந்த ஜிஎஃப்பிகேன். அதைப் பழக்கியது ஃபிளிக்கரில் இருந்து சேர்த்த 70,000 படங்களை வைத்து. அதில் காதை இழுத்துத் தொங்குகிற பாம்படம் போட்ட ஆச்சி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? உன் படத்தைப் பெரிதாக்கி ஆச்சியின் காதைப் பார். தோளைத் தொடுகிற வடிகாது போய், அந்த இடத்தில் கழுத்துச் சதை மாதிரி ஏதோ இருக்கிறது. காதில் சின்னதாக ஒரு கம்மல். ஆச்சி வாழ்நாளில் கம்மல் போட்டதே இல்லை, மக்களே. பாட்டா கன்னத்து அம்மைத் தழும்பும் மறைந்துவிட்டது. நாங்களும் நெகட்டிவில் பென்சிலைக் கூராகச் சீவி டச்சிங் செய்தவர்கள்தான். ஆனால் முதலாளி சொல்வார், தழும்பை மெதுவாக்கு, எடுத்துவிடாதே, வீட்டுக்காரிக்கு ஆள் தெரியாமல் போய்விடும் என்று.

உன் கை வேலையை நான் குறை சொல்லவில்லை. பாட்டா சட்டைக்குக் குறுக்கே இருந்த மடிப்பை நீ எடுத்த விதம் அருமை. பின்னால் உள்ள திரைச்சீலையும் அப்படியே. அங்கெல்லாம் பக்கத்திலேயே அதே துணி இருக்கிறது, குளோன் ஸ்டாம்ப் வைத்து எடுத்து நிரப்பலாம். முகத்துக்குப் பக்கத்தில் எங்கே போய் எடுப்பது?

அதனால் மறுபடி முதலில் இருந்து செய்வோம். நீ வைத்திருப்பது நான் போனில் எடுத்து அனுப்பியது, வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிட்டது. நேற்று ஸ்கேனரில் வைத்து 600 டிபிஐயில், அதாவது இன்ச்சுக்கு 600 புள்ளி வீதம், எடுத்திருக்கிறேன். 6-க்கு 8 இன்ச் பிரிண்ட், ஒன்றே முக்கால் கோடி பிக்சல் கிட்டே வருகிறது. டிஃப் ஃபைலாக டிரைவில் போட்டுவிட்டேன். அதைத் தொடாதே, காப்பியில் வேலை செய், திருத்தம் எல்லாம் தனி லேயரில் இருக்கட்டும். கறுப்பு வெள்ளைப் படத்தை ஏன் கலரில் ஸ்கேன் செய்தேன் என்று கேட்பாய். மழைத் தண்ணீர் விட்ட மஞ்சள் கறைக்காகத்தான். கலர் ஸ்கேனைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலாகப் பிரித்துப் பார்க்கலாம். நீலச் சேனலில் அது கரேல் என்று தெரியும், சிவப்புச் சேனலை மட்டும் எடுத்தால் முக்கால்வாசி காணாமல் போகும். கறை பிடித்த படத்தைக் காப்பி எடுக்க நாங்கள் லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் ஃபில்டர் போடுவோம், அதே வேலைதான். நேற்று சிவப்புச் சேனலைத் திறந்ததும் ஆச்சி சேலையின் கட்டம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அக்கா முகம் இருந்த இடத்தை மட்டும் சுற்றியுள்ள சாம்பல் நிறத்தில் சமமாக்கிவிட்டு விட்டுவிடு. கண் வேண்டாம், வாய் வேண்டாம். குடும்பக் குரூப்பில் நீ போட்ட படத்தை எடுத்துவிட்டு, அந்த முகம் மிஷின் வரைந்தது என்று ஒரு வரி எழுது. இல்லாவிட்டால் பத்து வருஷத்தில் நம்ம பிள்ளைகள் அந்த முகத்தைத்தான் பெரியத்தை என்று சொல்லிக்கொண்டு இருப்பார்கள்.

அப்புறம் ஒன்று. ஸ்டூடியோக்காரர் அன்றைக்கு மூன்று காப்பி கொடுத்தார் என்று ஆச்சி சொல்வாள். ஒன்று நம்முடையது. ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது. மூன்றாவது குலசேகரத்தில் சின்ன ஆச்சி வீட்டு மச்சில், கல்யாணப் பெட்டியில் இருக்கலாம் என்று அவள் மருமகள் நேற்று போனில் சொன்னாள். பார்த்துப் பல வருஷம் ஆயிற்றாம், கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரும் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஸ்கேனரைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். இருந்தால், சட்டத்தில் இருந்து கழற்றாமல் கண்ணாடியோடேயே வைத்து எடுத்து அனுப்புகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா