சிமெண்ட் சாலை போடுமுன் வீட்டுக் குடிநீர் இணைப்புகளை மாற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
பின்பக்கம் கையொப்பமிட்டுள்ள தெருவாசிகள்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர் மாவட்டம், கடலூர்.

பொருள்: கசியும் வீட்டு இணைப்புக் குழாய்களைச் சாலைப் பணிக்கு முன்பே மாற்றித் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் சிமெண்ட் சாலை போட அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். சாலை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஐப்பசி மழையில் கணுக்கால் சேற்றில் நடந்து அலுத்தவர்கள் நாங்கள். சாலைக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

பிரதானக் குழாய் தெருவின் கிழக்கு ஓரமாகப் போகிறது. மேற்கு வரிசை வீடுகளுக்கு வரும் இணைப்பு ஒவ்வொன்றும் தெருவைக் குறுக்கே கடந்து, சாக்கடைக்குள் இறங்கி ஏறி, அதன் பிறகே வாசற்படிக்கு வந்து சேர்கிறது. பெரும்பாலும் அரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள். கடற்கரை ஊரில் இரும்பு படும் பாடு சன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும்; இதுவோ நாள் முழுவதும் சாக்கடை நீரில் ஊறுகிறது. பிற்பாடு மாற்றியவர்கள் பி.வி.சி. போட்டார்கள். அதில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வெயிலில் காய்ந்து முறிகிறது. ஒரு சாண் ஆழத்தில் புதைத்தது மணல் லாரி ஏறினால் விரிகிறது.

இந்த மனுவை எழுதும் என் வீட்டு வாசலில், சாக்கடைக்கு மேலே குழாய் வளையும் இடத்தில் இருக்கும் எல்போ சென்ற மாதம் ஓட்டை விழுந்தது. சுற்றுச்சுவருக்கு வெளியே கை வைக்கமாட்டேன் என்றார் பிளம்பர். வீட்டு இணைப்பு என்றால் வீட்டுக்காரர் பொறுப்பு என்றார்கள் அலுவலகத்தில். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுகச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்கினேன். அப்படியும் ஒழுகியதால் அடியில் 15 லிட்டர் வாளியை வைத்துக் கடிகாரம் பார்த்தேன். 12 நிமிடத்தில் நிறைந்தது. காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வருகிறது. ஆக, பத்து வாளி, 150 லிட்டர். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களுக்குத் திட்டமிடும்போது ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். ஓர் ஆளின் பங்கைவிட அதிகம் ஒரே ஓட்டையில் போகிறது.

வெளியே போவதைவிட உள்ளே வருவதுதான் எங்களுக்குப் பெரிய பயம். தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கி, அதே ஓட்டை வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மறுநாள் காலை குழாய் முதலில் காற்றைக் கக்கி இருமுகிறது. பிறகு இரண்டு சொம்பு கலங்கல். அதற்குப் பிறகே தெளிகிறது. தெளிந்துவிட்டால் நல்ல தண்ணீர் என்று ஆகிவிடுமா? வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் இப்படித்தான் வீடு புகுகின்றன. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. சாக்கடை நிரம்பி வழியும் கார்த்திகையில் அந்தக் குழாய்களின் கதியைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இந்த இழுப்பு இன்னும் கூடும். இந்த மனுவில் கையெழுத்திட்டவர்களிலேயே இரண்டு வீட்டார் வைத்திருந்தார்கள், கழற்றிவிட்டார்கள். மூன்றாவது வீட்டைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன்.

சாலை போட்ட பிறகு கசிந்தால் சாலையை வெட்ட வேண்டும். பக்கத்துத் தெருவில் அதுதான் நடந்தது. புதுச் சாலை இப்போது ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி கிடக்கிறது. ஆகவே, ஜல்லி கொட்டுமுன், பிரதானக் குழாயிலிருந்து இணைப்பு பிரியும் பெருல் என்ற பித்தளைத் துண்டு தொடங்கி வாசல் வரை எல்லா இணைப்புகளையும் எச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் குழாயாக மாற்றித் தர உத்தரவிட வேண்டுகிறோம். சாக்கடையைக் கடக்கும் இடத்தில் பெரிய குழாய் ஒன்றுக்குள் அதைச் செருக வேண்டும். வீட்டுக்கு ஒரு ஸ்டாப் காக், அதாவது தண்ணீரை அடைக்கும் திருகு, வேண்டும். பள்ளத்தை மூடுமுன் தண்ணீர் விட்டுப் பார்த்து, கசிவில்லை என்று பொறியாளர் கையெழுத்திட வேண்டும். தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். எதுவரை அரசு, எதுவரை வீட்டுக்காரர் என்பதை எழுத்தில் தந்துவிட்டால் எங்கள் அலைச்சல் பாதி குறையும். வீட்டுப் பங்குத் தொகையைத் தவணையில் கட்ட ஒப்புக்கொள்கிறோம்.

வீட்டுக்குள் இருப்பதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். இரவு படுக்கப்போகும் முன் மேல்தொட்டியில் நீர்மட்டத்துக்குச் சாக்பீசால் கோடு போட்டு, விடிந்ததும் பார்க்கிறோம். யாரும் குழாயைத் திறக்காமலே மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. இப்படி ஐந்து வீடுகளில் கண்டுபிடித்துச் சரிசெய்தாகிவிட்டது.

அளவெடுத்தவர்கள் போட்ட சுண்ணாம்புக் கோடு இன்னும் அழியவில்லை. அதற்குள் ஒருவரை அனுப்பி வைத்தால் நல்லது. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வருகிறது. சாக்கடைக் கல்லைத் தூக்கி வைத்துக் காத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருவாசிகள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், கசிவுள்ள இடங்களின் புகைப்படங்கள்