நடையை நிறுத்தாதே, வசந்தா

பாளையங்கோட்டை

அன்புள்ள வசந்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதைப் படித்து மனசு நிறைந்தது. ஆனால் கடைசியில் நீ எழுதியிருந்த நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மூட்டு ஜவ்வு தேய்ந்துவிட்டதாம், நடக்க நடக்க இன்னும் தேயுமாம், அதனால் காலை நடையை விட்டுவிட்டாயாம். உனக்கு அப்படிச் சொன்னவர் யாரோ தெரியாது. முப்பது வருஷம் பிசியோதெரபி பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அது தப்பு.

தேய்மானம் என்ற சொல்லே நம்மைப் பயமுறுத்திவிடுகிறது. செருப்பு தேய்வது போல நினைத்துக்கொள்கிறோம். நீ ஜவ்வு என்று எழுதியிருப்பது குருத்தெலும்பு, மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான உறை. அது உயிருள்ள பொருள். சில மில்லிமீட்டர் கனம்தான், அதிலும் பெரும்பகுதி தண்ணீர். ரத்தக்குழாய் ஒன்றுகூட அதற்குள் போவதில்லை. பிறகு சாப்பாடு எப்படிப் போகும்? சுற்றியுள்ள மூட்டுத் திரவத்திலிருந்துதான். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் போட்டு அமுக்கி விட்டுப் பார். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அப்படித்தான் கொஞ்சம் நீரை வெளியே விடும், எடுக்கும்போது உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே இருக்கும் செல்களுக்கும் இந்த அழுத்தம் தெரியும். விட்டுவிட்டு வந்தால், நீரைப் பிடித்துவைக்கும் பொருளைக் கூடுதலாகச் செய்யும். ஒரேயடியாக அழுத்திக்கொண்டே இருந்தால் வேலையைக் குறைத்துவிடும். நீ கரும்பலகை முன்னால் மணிக்கணக்கில் நின்றாயே, அந்த நிலை நடைக்கு ஈடாகாது.

பாரமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். தண்டுவடத்தில் அடிபட்டுக் கால் அசைவற்றுப் போனவர்களின் முட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்தால், ஒரு வருஷத்துக்குள் குருத்தெலும்பு மெலிந்திருக்கிறது. அதற்கு மாறாக, ஸ்வீடனில் முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் பிறைச் சவ்வில் (இது குருத்தெலும்பு உறை அல்ல, வேறு) அறுவை செய்துகொண்ட 45 பேரைச் சேர்த்து, ஒரு பாதியினருக்கு நாலு மாதம் உடற்பயிற்சி கொடுத்தார்கள். 2005இல் முடிவு வந்தது. பயிற்சி செய்தவர்களின் குருத்தெலும்பில் அந்த நீர்பிடிக்கும் பொருளின் அளவு கூடியிருந்தது. போன குருத்தெலும்பு திரும்ப வளரும் என்று நான் சொல்லவில்லை. இருப்பதைப் பட்டினி போடாதே என்கிறேன்.

சரி, பாரம் எப்போது கெடுதல்? அளவு மீறும்போதும், ஒரே பக்கம் விழும்போதும். சாதாரணக் காலிலேயே முட்டியின் உள்பக்கம்தான் கூடுதல் பாரத்தைத் தாங்குகிறது. கால் வெளிப்பக்கம் வில் போல வளைந்துவிட்டால் அந்தப் பக்கம் சீக்கிரம் கெடும். என்னிடம் வந்த ஒரு கருப்பட்டி வியாபாரி அம்மா, வலது முட்டி வலிக்கிறதென்று வலது கையிலேயே கம்பை ஊன்றிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கக் கையில் இருந்தால்தான் வலிக்கிற முட்டியின் பாரத்தைக் கம்பு நன்றாக வாங்கிக்கொள்ளும் என்று இடது கைக்கு மாற்றச் சொன்னேன். பத்தடி நடந்தார், நின்றார், கம்பை ஒரு தரம் பார்த்தார். "இத்தனை நாள் இந்தக் கம்பைச் சும்மா தூக்கிட்டு அலைஞ்சேனா?" என்று கேட்டார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

எடையைப் பற்றி எழுதினால் கோபித்துக்கொள்வாய், ஆனாலும் எழுதுகிறேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது. ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம், யோசித்துப் பார்.

நாளையிலிருந்தே ஆரம்பி. கோயிலைச் சுற்றிய உத்திர வீதியில் ஒரு பக்கம் மட்டும் போய்த் திரும்பு. அதைவிட நீளமான சித்திரை வீதியெல்லாம் அப்புறம். காலையும் மாலையும் நாற்காலியில் கை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்கார், பத்துத் தடவை போதும். தொடைத் தசைக்குப் பலம் வந்தால் முட்டி தடுமாறாது. கொஞ்சம் வலித்தால் பயப்படாதே. மறுநாள் காலைக்குள் வலி பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு உனக்குச் சரி. முட்டி வீங்கினாலோ வலி தங்கினாலோ தூரத்தைப் பாதியாக்கு, நிறுத்திவிடாதே. சம்மணமும் குந்துவதும் இப்போதைக்கு வேண்டாம்.

ஐப்பசி பிறந்ததும் ஸ்ரீரங்கம் வருகிறேன். எக்ஸ்ரேயைத் தேடி எடுத்துவை. எந்தக் கால், உள்பக்கமா வெளிப்பக்கமா, படி ஏறும்போது வலிக்கிறதா இறங்கும்போதா என்று அதற்குள் எனக்கு எழுது.

உன்
செண்பகம்