எங்களால் படிக்க முடிகிற எழுத்தில் அச்சடியுங்கள்

பூச்சி மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பூச்சி மருந்து டப்பாவிலும் உள்ளே வைக்கும் துண்டுச்சீட்டிலும் இருக்கும் எழுத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் எங்கள் பருத்திக் காட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு மதியத்துக்குள் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வாந்தி எடுத்தார். எச்சில் நிற்காமல் ஒழுகியது, கண் மங்குகிறது என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மருந்து?" நல்லவேளை, டப்பாவைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கம்பெனி வைத்த பெயர் அதில் கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரோ ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி, அதுவும் மருந்து வழிந்து பாதி அழிந்துபோய். டாக்டர் செல்போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பக்கத்தில் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆர்கனோபாஸ்பேட் என்கிற பூச்சிக்கொல்லி வகை என்றால், விஷத்தை முறிக்க அட்ரோபின் என்கிற மருந்தைக் கொடுக்கலாம். பாராகுவாட் என்கிற களைக்கொல்லி என்றால் முறிமருந்தே கிடையாது. அந்தச் சின்ன எழுத்தில் அவ்வளவு இருக்கிறது ஐயா.

உள்ளே வைக்கும் துண்டுச்சீட்டையும் பிரித்துப் பார்த்தேன். பல மடிப்பு, பல மொழி. நடுவில் எங்கோ தமிழ். அளவு எக்டேருக்குப் போட்டிருக்கிறது. எங்களுக்குக் கணக்கு ஏக்கரும் மருந்தடிக்கிற டேங்கும்தான். ஒரு எக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் என்று வெயிலில் நின்று வகுத்துப் பார்ப்பவர் யார்? கடைக்காரர் "டேங்குக்கு ரெண்டு மூடி" என்பார், நாங்களும் ஊற்றுவோம். மூடி எல்லாம் ஒரே அளவா?

ஏதாவது நடந்துவிட்டால் மட்டும் கையுறை போட்டாயா, முகமூடி போட்டாயா என்று எங்களைத்தான் கேட்கிறார்கள். 2017ல் மகாராஷ்டிராவில் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் செத்துப்போனார்களே, அதற்குப் பிறகாவது டப்பா மாறியிருக்க வேண்டாமா? 27 மருந்துகளைத் தடை செய்யப்போவதாக 2020 மே மாதம் மத்திய அரசின் வரைவு ஆணை வந்தது. 2023ல் பார்த்தால் அதில் பெரும்பாலானவை தப்பிவிட்டன. 1968ல் வந்த பூச்சிக்கொல்லிச் சட்டத்தை வைத்துத்தான் இன்னும் ஓட்டுகிறோம். சொல்லச் சொல்லக் கோபம்தான் வருகிறது.

சரி, நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். மருந்தின் பெயரும் முறிமருந்தும் டப்பாவின் மேலேயே, கம்பெனிப் பெயர் அளவுக்குப் பெரிய எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும். மருந்து பட்டாலும் அழியாத மையில் அச்சடிக்க வேண்டும். அளவை ஏக்கருக்கும் டேங்குக்கும் போட வேண்டும். அளவு கோடு போட்ட மூடியையும் கூடவே கொடுக்க வேண்டும். அனுமதி கொடுக்கும்போது இதைக் கம்பெனிகளுக்கு நிபந்தனையாகவே வைத்துவிடுங்கள்.

அண்ணன் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த பட்டத்துக்கும் காய்ப்புழு வரும், அவரும் டேங்கைத் தூக்குவார். அதற்குள் செய்து கொடுங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பருத்தி விவசாயி