கடலூர், புதுச்சேரி கலெக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்: ஏமாந்தவங்க லிஸ்ட்டை முதல்லயே எடுங்க

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் புதுச்சேரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வணக்கம்.

பண்ருட்டி பக்கத்துல முந்திரி ஒடைக்கிற பொம்பளைங்களுக்கு மனு எழுதிக் குடுக்கறவன் நான். தீபாவளி சீட்டு, நகை சீட்டு, வேலை வாங்கித் தர்றேன்னு வாங்கின பணம், எல்லாமே எங்கிட்ட வரும். மனுவோட அவங்க குடுக்கற ஆதாரம் என்ன தெரியுமா, மடிச்சு மடிச்சு நாலா கிழிஞ்ச ஒரு அட்டை, கட்டத்துக்குக் கட்டம் வாரத் தொகை, பக்கத்துல வசூல் பண்ணவன் பால்பாயிண்ட் பேனாவுல கிறுக்கின இனிஷியல், அதுவும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டு பாதி மங்கிப் போயிருக்கும். கம்பெனி பேரு கூட சில அட்டையில இருக்காது. அவங்க போட்ட பணத்துக்கு இருக்கற ஒரே சாட்சி அதுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2024 ஜூலை 1லேர்ந்து அமலுக்கு வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல, அதாவது பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல, 107வது பிரிவு இருக்கு. குற்றத்துல வந்த சொத்துன்னு விசாரணை அதிகாரி நம்பினா, எஸ்.பி. ஒப்புதல் வாங்கி கோர்ட்ல மனு போடலாம். கோர்ட் அந்தச் சொத்துக்காரனுக்கு 14 நாள்ல விளக்கம் குடுன்னு நோட்டீஸ் விடும், அவன் வரலைன்னா அவன் இல்லாமலே முடக்க உத்தரவு போடலாம். சொத்து பினாமி பேர்ல இருந்தா அந்த ஆளுக்கும் நோட்டீஸ் நகல் போகணும். நோட்டீஸ் குடுத்தா சொத்தை வித்துடுவான்னு கோர்ட் நெனச்சா முன்கூட்டியே இடைக்கால முடக்கம் போடவும் அதுல வழி இருக்கு. கடைசியா இது குற்றத்துல வந்த சொத்துதான்னு கோர்ட் முடிவு பண்ணா, பாதிக்கப்பட்டவங்களுக்கு விகிதாசாரப்படி பிரிச்சுக் குடுங்கன்னு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு, அதாவது உங்களுக்கு, உத்தரவு வரும். 60 நாள் டைம். நீங்களே செய்யலாம், இல்லன்னா உங்களுக்குக் கீழ இருக்கற அதிகாரியை வச்சு செய்யலாம்.

என் கவலை இதுக்கு அடுத்த வரியிலதான். கேக்க ஆளே இல்லைன்னாலோ, யாருன்னு கண்டுபிடிக்க முடியலைன்னாலோ, பிரிச்சது போக மிஞ்சினாலோ அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போயிடும். ஆளை எப்படிக் கண்டுபிடிக்கணும், எந்த பேப்பர்ல விளம்பரம், எந்த ஊர்ல தண்டோரா, எது ஆதாரம்னு அந்தப் பிரிவுல ஒரு வார்த்தை கூட இல்ல. முழுக்க உங்க கையிலதான் இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. ஏமாந்த மொத்தத் தொகை 10 கோடி, முடக்கின சொத்து 2 கோடின்னா, 50,000 ரூபாய் கட்டினவங்களுக்கு 10,000 கெடைக்கும். அந்தப் பத்தாயிரத்துல பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டிடுவாங்க. ஆனா அதுவும் லிஸ்ட்ல பேரு இருந்தாத்தான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் புகார் குடுத்தவங்க மட்டும்தான் எஃப்ஐஆர்ல இருப்பாங்க, புருஷனுக்குத் தெரியாம சீட்டு போட்டவங்க, ஏஜென்ட் சொந்தக்காரன்னு வாய மூடிக்கிட்டவங்க, திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டவங்க இவங்கல்லாம் எங்க இருப்பாங்க? கோர்ட் உத்தரவு வந்தப்புறம் 60 நாள்ல இவங்கள தேடி, அட்டையைப் பாத்து, பேங்க் கணக்கு வாங்கி பணம் போடறது நடக்கற காரியம் இல்ல.

அதனால கேஸ் போட்ட உடனே லிஸ்ட் எடுக்க ஆரம்பிங்க. விஏஓ ஆபீஸ்லயும் ரேஷன் கடை வாசல்லயும் தமிழ்ல நோட்டீஸ் ஒட்டுங்க, எந்த ஆளு நடத்தின சீட்டு, என்ன ஆதாரம் கொண்டு வரணும், எங்க குடுக்கணும்னு மூணே விஷயம் போதும். கிறுக்கின அட்டையையும் ஆதாரமா ஏத்துக்கங்க, சந்தேகம்னா கூட சீட்டு போட்ட ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சு எழுதிக்கங்க. லிஸ்ட்டை ஒட்டினப்புறம் விட்டுப்போன பேரைச் சேக்க ஒரு வாய்ப்பு குடுங்க.

பெரிய நிதி நிறுவன கேஸ்னா தமிழ்நாட்டுல டெபாசிட் போட்டவங்களைப் பாதுகாக்கற 1997 டான்பிட் சட்டம் இருக்கு, புதுச்சேரியில அதே மாதிரி 2004 சட்டம் இருக்கு. புதுச்சேரி சட்டம் செல்லாதுன்னு நியூ ஹொரைசன் சுகர் மில்ஸ்ங்கற கம்பெனி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2012ல சட்டம் செல்லும்னு தீர்ப்பாச்சு. அங்க தனி கோர்ட், தனி அதிகாரின்னு ஒரு அமைப்பாவது இருக்கு. சாதாரண ஏமாத்து கேசுக்கு, அதாவது பழைய ஐபிசி 420, இப்ப பிஎன்எஸ் சட்டத்துல 318வது பிரிவு, அதுக்கு இந்த 107ஐ விட்டா எங்க ஜனங்களுக்குப் பெருசா வேற கதி இல்ல.

ரெண்டு பேருக்கும் சேத்து எழுதறதுக்குக் காரணம் நம்ம பார்டர்தான். முள்ளோடையத் தாண்டினா வேற ரெஜிஸ்டர் ஆபீஸ், வேற சர்க்கார். கடலூர்ல வசூல் பண்ண பணத்துல புதுச்சேரியில பாகூர் பக்கம் மனை வாங்கிப் போட்டிருப்பான், முடக்க உத்தரவு கடலூர் சார்பதிவாளருக்கு மட்டும் போனா பாகூர்ல வில்லங்கம் போட்டுப் பாக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது, நல்லபடியா வித்துட்டுப் போயிடுவான், வாங்கினவன் பாவம் அவனும் தெருவுல நிப்பான். உத்தரவு வந்த அன்னிக்கே ரெண்டு பக்க பதிவுத் துறைக்கும் தகவல் போய் வில்லங்கச் சான்றுல ஏற ரெண்டு பேரும் பேசி ஒரு ஏற்பாடு பண்ணுங்க.

எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கையில கெடைச்ச சொத்தெல்லாம் குற்றச் சொத்துன்னு எழுதிடாதீங்க. அவன் பொண்டாட்டிக்கு அம்மா வீட்டுல குடுத்த நெலம், சீட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வாங்கின வீடு இதெல்லாம் வேற. அவங்களுக்கும் பதில் சொல்ல முழு வாய்ப்பு கெடைக்கணும், அதுதான் நியாயம். தண்டனை தீர்ப்பு வரணும்னு இந்தப் பிரிவு காத்திருக்கச் சொல்லல, பிரிச்சுக் குடுத்தப்புறம் விடுதலையாயிட்டா என்னன்னும் சொல்லல, அதனால பத்திரத் தேதி, பேங்க் ஸ்டேட்மென்ட், எந்தத் தேதி வசூல் எந்தக் கணக்குல போச்சுன்னு கோர்வையா வைக்கலைன்னா ஹைகோர்ட்ல ஸ்டே வாங்கிடுவாங்க, எங்க ஜனங்க திரும்பவும் வருஷக்கணக்கா காத்துக்கெடக்கணும்.

எங்க பக்கத்து ஊருங்கள்ல சீட்டு அட்டை வச்சிருக்கறவங்ககிட்ட இருந்து ஜெராக்ஸ் வாங்கி ஊர்வாரியா அடுக்கி வச்சிருக்கேன். எந்த அதிகாரிகிட்ட குடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க, வர்ற திங்கக்கிழமையே அந்தப் பொம்பளைங்களையும் ஒரிஜினல் அட்டையோட கூட்டிக்கிட்டு வர்றேன்.

இப்படிக்கு,
பண்ருட்டி வட்டத்துல மனு எழுதும் ஒருவன்