மாஷ் தண்ணீரின் சூடு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பியருக்கான மாஷ், அதாவது மால்ட்டை (முளைகட்டி உலர்த்தி நொறுக்கிய பார்லியை) சுடுநீரில் ஊறவைத்த கலவை, 67 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்று செய்முறை சொல்வதால், 15 லிட்டர் தண்ணீரைச் சரியாக 67 டிகிரிக்குச் சூடாக்கி, 25 டிகிரியில் இருந்த 5 கிலோ மால்ட்டை அதில் கொட்டிக் கலக்கியதாகவும், பிறகு அளந்து பார்த்தால் 60 டிகிரிதான் காட்டியதாகவும், கடைசியில் வடித்த இனிப்புச் சாறு எதிர்பார்த்த அடர்த்திக்கு வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். உன் கைப்பக்குவத்திலோ வெப்பமானியிலோ கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. செய்முறையில் உள்ள 67 என்பது தண்ணீரும் மால்ட்டும் கலந்து நின்ற பிறகு அந்தக் கலவைக்கு இருக்க வேண்டிய சூடு. குளிர்ந்த மால்ட்டும் குளிர்ந்த பாத்திரமும் தங்களுக்குரிய பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதால், ஊற்றும் தண்ணீர் அதைவிடச் சூடாகத்தான் இருந்தாக வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதைக் காகிதத்தில் இரண்டே வரிகளில் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு கிலோ மால்ட்டை ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீருக்குத் தேவைப்படுவதில் ஏறத்தாழ 0.4 பங்குதான். ஆகவே உன் 5 கிலோ மால்ட்டை வெப்பக் கணக்கில் 2 லிட்டர் தண்ணீராகவே எண்ணிக்கொள். அதை 25 டிகிரியிலிருந்து 67 டிகிரிக்கு, அதாவது 42 டிகிரி உயர்த்த வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 84. இந்த 84-ஐ உன் 15 லிட்டர் தண்ணீர் பகிர்ந்து கொடுக்கிறது என்பதால், ஒவ்வொரு லிட்டரும் 5.6 டிகிரி இழக்கும். எனவே மால்ட்டைச் சேர்க்கும் நேரத்தில் தண்ணீர் 72.6 டிகிரியில் இருக்க வேண்டும். மால்ட் குளிர்ந்த அறையில் கிடந்து 10 டிகிரியில் இருந்தால் இதே கணக்கு 74.6 என்று வரும். மால்ட் 25 டிகிரியிலேயே இருந்து, தண்ணீரை 12.5 லிட்டராகக் குறைத்தால் 73.7 வரும். அதனால்தான் வேறொருவர் தந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்கிறேன். உன் மால்ட்டின் சூட்டை, சாக்குக்குள் வெப்பமானியைச் செருகி நீயே அளந்துகொள். அறையின் சூடுதான் மால்ட்டின் சூடு என்று வைத்துக்கொண்டால் கணக்கு முதல் வரியிலேயே பிசகிவிடும்.

அடுத்தது பாத்திரம். பலரும் பாத்திரம் உறிஞ்சும் வெப்பத்தை ஊகித்து, தண்ணீரின் சூட்டில் இரண்டு டிகிரியோ மூன்று டிகிரியோ கூட்டிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டியதை முதலிலேயே எடுத்துக்கொள்ள விட்டுவிட்டால் ஊகத்துக்கே இடமில்லை. உன்னிடம் இருப்பது சூட்டை வெளியே விடாமல் காக்கும் மூடிய பெட்டி என்பதால், தண்ணீரை 77 அல்லது 78 டிகிரிக்குச் சூடாக்கி அதில் ஊற்றி, மூடிவைத்துப் பத்து நிமிடம் காத்திரு. பிறகு நன்றாகக் கலக்கி அளந்து பார். 72.6-க்கு மேல் இருந்தால் மூடியைத் திறந்து வைத்துக் கிளறிக்கொண்டே இரு. அது தானாக இறங்கும். அந்த எண்ணைத் தொட்டதும் மால்ட்டைச் சேர். சூட்டைக் குறைப்பதற்குப் பொறுமை ஒன்றே போதும். ஏற்றுவதற்குத்தான் மறுபடி அடுப்பும் கொதிநீரும் தேவைப்படும். ஆகையால் எப்போதும் மேலிருந்து கீழே இறங்கும் வழியையே பழகிக்கொள். அடுப்பில் இருக்கும் எஃகுப் பாத்திரத்திலேயே மாஷ் செய்வதானால் இந்த வேலை இல்லை, பாத்திரமும் தண்ணீரும் ஒரே சூட்டில்தான் இருக்கும். தீயை மட்டும் முன்கூட்டியே அணைத்துவிடு, தடித்த அடிப்பகுதி அதற்குப் பின்னும் சற்று நேரம் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும்.

மால்ட்டைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கு. கட்டி பிடித்தால் அதன் உள்ளே உலர்ந்த மாவு அப்படியே தங்கிவிடும்; அந்த மாவு சர்க்கரையாக மாறாது என்பதோடு, நீ அளக்கும் சூடும் பொய்யாகிவிடும். கலக்கி முடித்து ஐந்து நிமிடம் கழித்து நடுவிலும் ஓரத்திலும் மேலும் கீழுமாக அளந்து பார். இடத்துக்கு இடம் வேறுபாடு தெரிந்தால் இன்னும் கலக்க வேண்டும் என்று பொருள்.

இத்தனை மெனக்கெடல் எதற்கு என்று நீ கேட்கக்கூடும். முளைவிட்ட பார்லியில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பொருள் இருப்பதை 1833-இல் பயான், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். அதில் முக்கியமாக இரண்டு நொதிகள் இருப்பதை இன்று அறிவோம். மாவுச்சத்தை நீண்ட மணிச்சரமாக நினைத்துக்கொண்டால், பீட்டா அமிலேஸ் அதன் நுனியிலிருந்து இரண்டிரண்டு மணிகளாகக் கழற்றி மால்டோஸ் என்ற சர்க்கரை ஆக்குகிறது. ஆல்ஃபா அமிலேஸ் நடுவில் கண்ட இடத்தில் அறுத்துப் போடுகிறது. முன்னது 60-இலிருந்து 65 டிகிரி வரையில் சுறுசுறுப்பாக இருந்து, 70-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் செயலிழந்துவிடும். பின்னது 70-ஐ ஒட்டியே நன்றாக வேலை செய்யும். ஆகவே 64 டிகிரியில் நின்ற மாஷ் ஈஸ்ட் உண்ணக்கூடிய சர்க்கரையை நிறையத் தந்து, இலேசான, இனிப்பு எஞ்சாத பியரைக் கொடுக்கும். 69 அல்லது 70-இல் நின்றால் டெக்ஸ்ட்ரின்கள் எனப்படும், ஈஸ்ட் தொட முடியாத நீண்ட துண்டுகள் மிஞ்சி, பியர் கனமாக இருக்கும். 67 இவ்விரண்டுக்கும் நடுவே தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட இடம். உன்னுடைய 60 டிகிரி மாஷிலோ பார்லியின் மாவுச்சத்து முழுமையாக இளகியிருக்காது. அதனால்தான் சாறு நீ எதிர்பார்த்த அடர்த்திக்கு வரவில்லை.

ஒரு டிகிரி முன்பின் ஆனால் அதைத் தொடாதே. திறந்து திறந்து திருத்தினால் அதிலேயே சூடு போய்விடும். இரண்டு டிகிரிக்கு மேல் விலகினால் மட்டும் திருத்து, அதையும் உடனே செய், ஏனென்றால் இன்றைய மால்ட்டில் பெரும்பாலான மாற்றம் முதல் அரைமணி நேரத்துக்குள் நடந்துவிடுகிறது. உன் கலவை மொத்தமும் 17 லிட்டர் தண்ணீருக்குச் சமம். அது 64-இல் நின்றால் மூன்று டிகிரி ஏற்ற வேண்டும். 17-ஐ மூன்றால் பெருக்கினால் 51. கொதிநீர் ஒவ்வொரு லிட்டரும் 100-இலிருந்து 67-க்கு இறங்கும்போது 33 தரும். ஆகவே ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கொதிநீர் போதும். மாறாக 70-இல் நின்றுவிட்டால், 20 டிகிரித் தண்ணீர் 1.1 லிட்டர் ஊற்றிக் கலக்கு. இரண்டில் எது மோசம் என்றால் சூடு மிஞ்சுவதுதான். குறைந்த சூட்டில் நொதி மெதுவாக வேலை செய்தபடி காத்திருக்கும். மிகுந்த சூட்டில் அழிந்த நொதி, பிறகு எவ்வளவு குளிரவைத்தாலும் திரும்பாது.

வெப்பமானியைச் சரிபார்க்க, நொறுக்கிய பனிக்கட்டியைத் தண்ணீரோடு கலக்கி அதில் 0 காட்டுகிறதா, கொதிநீரில் 100 காட்டுகிறதா என்று பார். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும் என்பதை மறவாதே. இரு முனைகளிலும் சரியாக இருந்தும் நடுவில் பிசகும் கருவிகள் உண்டு. நம்பகமான இன்னொரு வெப்பமானியோடு 65-க்கும் 70-க்கும் இடையில் ஒருமுறை ஒப்பிட்டுவிடுவது நல்லது.

வெப்பமானி இல்லாத காலத்திலும் இதைச் செய்தவர்கள் இருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மதிப்புக் கூடுகிறது. மத்திய ஐரோப்பாவில் மாஷின் ஒரு பகுதியை எடுத்துக் கொதிக்கவைத்து மீண்டும் அதிலேயே சேர்த்தார்கள். கொதிநிலை மாறாதது என்பதால், எவ்வளவு எடுக்கிறோம் என்ற விகிதமே சூட்டை முடிவு செய்தது. நான் மேலே போட்டுக் காட்டிய கொதிநீர்க் கணக்கும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது.

ஒரு மணி நேரம் ஆனதும் ஒரு துளிச் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் சேர்த்துப் பார். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இன்னும் இருக்கிறது, சற்றுப் பொறு. அந்தத் துளியை மாஷில் திரும்பச் சேர்க்காமல் கொட்டிவிடு. பிறகு சாற்றை வடித்துவிட்டு, மால்ட்டில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கழுவி எடுக்க ஊற்றும் தண்ணீர் 77 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள். மிஞ்சினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கக்கூடும்.

அடுத்த முறை செய்யும்போது மால்ட்டின் எடையும் சூடும், தண்ணீரின் அளவும் மால்ட்டைச் சேர்த்தபோது இருந்த சூடும், ஐந்து நிமிடத்திலும் ஒரு மணி நேரத்திலும் கலவையின் சூடும் குறித்து எனக்கு அனுப்பு. 0.4 என்ற எண் உன் மால்ட்டுக்குச் சற்றுக் கூடுமா குறையுமா என்பதையும், உன் பெட்டி மணிக்கு எவ்வளவு சூட்டை விடுகிறது என்பதையும் அவற்றை வைத்து நான் கணக்கிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா