முகத்துக்கு தையல் போட்டாங்க, மனச யாரும் கேக்கல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். ரெண்டு வருஷத்துக்கு முன்ன என் தம்பி வேல முடிஞ்சு வரப்ப மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்து தாடை ஒடஞ்சு, கன்னத்துல இருந்து ஒதடு வரைக்கும் கிழிஞ்சிருச்சு. பெரிய ஆஸ்பத்திரில பிளேட் வெச்சு தையல் போட்டு காப்பாத்துனாங்க, அந்த டாக்டருங்கள கையெடுத்து கும்பிடணும். ஆனா அத்தன தடவ செக்கப் போயும் "ராத்திரி தூங்குறியா, வெளிய போறியா"ன்னு ஒருத்தர்கூட அவன கேட்டதில்ல.

இப்பவும் மாஸ்க் இல்லாம வாசல தாண்ட மாட்டான். பசார் மாலாமுக்கு (ராத்திரி சந்தை) போனாலும் கடைங்க எடுத்து வைக்கிற நேரமா பாத்துதான் போவான். போன வருஷம் கோயில் திருவிழாவுல தெரிஞ்ச அம்மா ஒருத்தவங்க அவன் தாடைய புடிச்சு "ஐயோ, எவ்ளோ லட்சணமா இருந்த புள்ள"ன்னு கண்ண தொடச்சாங்க, பாசத்துலதான் சொன்னாங்க, ஆனா பந்தில உக்காராம வீட்டுக்கு வந்தவன் அதுக்கப்புறம் கோயில் பக்கமே போகல. சின்ன தழும்புதானே, இதுக்கா இப்படின்னு சொல்றாங்க. தழும்போட அளவ வெச்சு மனசு படுற பாட்ட அளக்க முடியாதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்களே சொல்லியிருக்காங்க.

பிரிட்டன்ல ஜேம்ஸ் பார்ட்ரிஜ்னு ஒருத்தர், 1970ல 18 வயசுல கார் தீப்பிடிச்சு முகம் வெந்து போனவர், 1992ல சேஞ்சிங் ஃபேஸஸ்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாரு. ஆபரேஷன் மட்டும் பத்தாது, உத்து பாக்குறவங்கள எப்படி சமாளிக்கிறதுன்னும் பழக்கணும்ங்கறது அவங்க வழி. அதப் படிச்சுட்டு நானும் தம்பியும் அடுப்படியிலயே பேசிப் பழகுனோம், யாராச்சும் கேட்டா "மோட்டார்ல விழுந்துட்டேன், இப்ப வலி இல்ல, நீங்க நல்லாருக்கீங்களா"ன்னு சொல்லிட்டு பேச்ச மாத்திடணும். மொத தடவ பாதியிலயே தொண்ட அடச்சிருச்சு அவனுக்கு. போன வாரம் ஒட்டுக்கடைல மாஸ்க்க கழட்டி தே தாரேக் டீ குடிச்சிட்டு, கேட்டவருக்கு அதையே சொல்லிருக்கான்!

எனக்கு தெரிஞ்சது அவ்ளோதான், மிச்சத்துக்கு படிச்ச ஆளு வேணும். மனநலத்துக்கு 15555 ஹீல் லைன்னு போன் நம்பர் இருக்கு, கவர்மெண்டு கிளினிக்ல ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) பாக்கறாங்க, எல்லாம் சரி. ஆனா கவுன்சலர்னு சொன்னாலே "எனக்கென்ன பைத்தியமா"ன்னு எந்திரிச்சு போயிடறான், ஈப்போ ஆஸ்பத்திரிக்கு இன்னொரு நாள் தனியா போனா அன்னைக்கு சம்பளமும் போச்சு. முகத்த பாக்குற அதே செக்கப்புல, அதே நாள்ல, தமிழ் பேசற கவுன்சலர் ஒருத்தர் பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி சுகாதார அமைச்சு ஏற்பாடு பண்ணணும்.

அடுத்த மாசம் அவனுக்கு செக்கப் இருக்கு, நான் கூடப் போறேன், டாக்டர் கேக்கலன்னா நானே கேட்டுடப் போறேன்.

ஓர் அக்கா,
சுங்கை சிப்புட், பேராக்