நிறம் மாறும் பெயிண்ட்: கோளாறு டின்னில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் தோட்டப்புறப் பிள்ளைகள் புரோட்டான் சத்ரியா, வீரா கார்களுக்கு இஞ்சின் மாற்றிய கையோடு நிறம் மாறும் பெயிண்டும் அடிக்கிறார்கள். பட்டறை டியூப் லைட்டில் பளபளத்த கார் வெயிலுக்கு வந்ததும் திட்டுத் திட்டாகத் தெரிந்தால், 'போலி பெயிண்ட்' என்று விற்றவனைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அடித்த விதத்தில்தான்.

1996இல் ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவில் வந்த ரகத்துக்கு நிறம் தருவது சாயம் அல்ல. அதிலுள்ள நுண்ணிய அலுமினியச் செதிலின் இரு பக்கமும் மெக்னீசியம் ஃபுளோரைடு, அதன்மேல் குரோமியம். இந்தப் படலங்களில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்துதான் நிறம் பிறக்கிறது. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். ஆகவே செதில்கள் தட்டையாகப் படிய வேண்டும். ஈரமாக ஊற்றி அடித்தால் அவை மிதந்து ஒரே இடத்தில் கூடிவிடும். திட்டு அதனால்தான்.

அடியில் நல்ல கறுப்பு பேஸ் வேண்டும். செதில்களுக்கு இடையே நுழையும் ஒளியைக் கறுப்பு விழுங்கினால்தான் நிறம் எடுக்கும். சாம்பல் பிரைமர்மேல் அடித்தால் வெளுத்துவிடும். பவுடராக வாங்குபவர்கள் லிட்டர் பைண்டருக்கு (துகளைப் பிடித்துவைக்கும் திரவத்துக்கு) சுமார் 25 கிராம் கலக்கலாம். ஸ்ப்ரே கன்னுக்கு 1.3 மில்லிமீட்டர் நாசில், சுமார் 2 பார் காற்று, 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம். மெல்லிசாக மூன்று நான்கு கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே 10 நிமிடம். துகள் அடியில் தங்கும், கலக்கிக்கொண்டே இருங்கள். தூசி ஒட்டினால் அந்தக் கோட்டில் சேண்ட்பேப்பர் வைக்காதீர்கள். செதில் அறுந்த இடம் வடுவாகவே நிற்கும். பானட்டைப் படுக்க வைத்தும் கதவைச் சாய்த்து வைத்தும் தனித்தனியாக அடிப்பதும் தவறு. காரில் இருக்கும் நிலையிலேயே, ஒரே திசையில் அடித்தால்தான் இரண்டும் ஒத்துப்போகும்.

சாயங்கால மழை வரும்போல் இருந்தால் கிளியர் (மேலே அடிக்கும் நிறமில்லாப் பூச்சு) அடிக்க வேண்டாம். அதில் கலக்கும் ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து குமிழி விடும். அந்த ஹார்ட்னர் நுரையீரலுக்கும் ஆகாது. துணி மாஸ்க் போதவே போதாது. டயருக்குப் பூசும் சிலிகான் பாலிஷை அந்தப் பக்கமே கொண்டு வராதீர்கள், மீன்கண் குழி விழும்.

பணம் கொடுக்குமுன் இரண்டு கேளுங்கள். ஒன்று, கறுப்பு பேஸ்மேல் எத்தனை கோட் என்று பின்னால் எழுதிய மாதிரித் தகடு. இன்னொன்று, அதே கலவையில் அரை லிட்டர் மிச்சம். முட்டிய ஃபெண்டரை மட்டும் தனியாக அடித்தால் நிறம் ஒத்துவராது. பக்கத்துக் கதவுவரை நிறத்தைப் படிப்படியாக மங்கும்படி அடித்துவிட்டு, இரண்டு பாகத்துக்கும் முழுக் கிளியர் போட வேண்டும். கலவை வேறானால் அதுவும் கைகொடுக்காது.

கிராண்டில் (கார் பதிவுச் சான்றில்) ஒரு நிறமும் காரில் வேறு நிறமும் இருந்தால் ரோட் பிளாக்கில் மாட்டுவீர்கள். எந்த நிறமென்று பதிவார்கள், எந்தப் படிவம் வேண்டும் என்பதை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டரில் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் டின்னைத் திறங்கள்.

இப்படிக்கு,
வண்ணப் பட்டறைத் தொழிலாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்